முதியோரின் உடற்பயிற்சிக்கு வி.ஆர். கண்ணாடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதியவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். பயிற்சி அறையில் வி.ஆர். கண்ணாடி வந்து சேர்ந்த நாளிலிருந்து, பயிற்சி செய்கிறவர்களைவிட அவர்களை அழைத்து வருகிறவர்கள்தான் அதிகம் கேள்வி கேட்கிறார்கள். மகள், மருமகன், பேரன் என்று கேட்பவர் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

வி.ஆர். என்றால் என்ன? கண்ணைக் கட்டிவிட்டு உள்ளே படம் காட்டுவதா?

மெய்நிகர் உலகம் என்று தமிழில் சொல்கிறோம். கண்களை முழுவதுமாக மூடும் கண்ணாடியை அணிந்தால் இரண்டு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரண்டு படங்கள் தெரியும். மூளை அவற்றைச் சேர்த்து, ஆழமுள்ள ஓர் இடமாக எடுத்துக்கொள்ளும். தலையைத் திருப்பினால் அந்த இடமும் அதற்கேற்பத் திரும்பும். கையை நீட்டினால் உள்ளேயும் ஒரு கை நீளும். படம் பார்ப்பதிலிருந்து இது மாறுபடுவது அந்தக் கையில்தான். நீங்கள் அசையாவிட்டால் உள்ளே எதுவும் நடக்காது.

கண்ணாடியே இல்லாத வகையும் உண்டு. எதிரே ஒரு பெரிய திரை, உடல் அசைவைப் பின்தொடரும் ஒரு கேமரா அல்லது கைக்கருவி, அவ்வளவுதான். 2006இல் நிண்டெண்டோ வீ, 2010இல் மைக்ரோசாஃப்டின் கினெக்ட் ஆகியவை வீட்டு விளையாட்டுக்காக வந்தவை. பிசியோதெரபிஸ்டுகள் அவற்றை உடனே பயிற்சி அறைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். முதியவர்கள் பலருக்கு இந்தத் திரை வகையே ஏற்றது. காரணம் விழுதல் பற்றிய கேள்வியில் வருகிறது.

எங்கள் அம்மாவுக்கு ஸ்மார்ட்போனைக்கூட சரியாகப் பயன்படுத்தத் தெரியாது. இதை எப்படிச் சமாளிப்பார்?

ஸ்மார்ட்போனைவிட இது எளிது. போனில் எங்கே அழுத்த வேண்டும், எத்தனை முறை அழுத்த வேண்டும் என்றெல்லாம் கற்க வேண்டியிருக்கிறது. இங்கே ஒரு பந்து வருகிறது, அதைப் பிடிக்க வேண்டும். எழுபது வருடமாகச் செய்துவரும் காரியம் அது. பட்டன்களை அழுத்தி உள்ளே நுழைவது, பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது எல்லாம் உடன் இருப்பவரின் வேலை. அம்மாவுக்குத் தயாரான நிலையில் கொடுங்கள். விரல்களில் பிடிப்பு குறைந்தவர்களுக்கு, கையில் எதையும் பிடிக்காமல் வெறுங்கையையே கேமரா கண்டுகொள்ளும் முறையும் இருக்கிறது.

பிசியோதெரபிஸ்ட் எழுதிக் கொடுத்த பயிற்சிகளே இருக்கின்றனவே, இது எதற்கு?

அந்தப் பயிற்சிகளை யாரும் செய்வதில்லை என்பதற்காகத்தான். கடுமையாகத் தோன்றலாம், ஆனால் தினமும் நான் பார்ப்பது இதைத்தான். "கையைத் தோள் உயரத்துக்கு இருபது முறை தூக்குங்கள்" என்ற தாள் மூன்றாம் நாள் மடித்து வைக்கப்படுகிறது. அவர்கள் சோம்பேறிகள் இல்லை. வலிக்கிற கையை, ஒரு காரணமும் கண்ணுக்குத் தெரியாமல், இருபது முறை தூக்குவது யாருக்கும் கடினம்.

மீட்சிக்கு அடிப்படை எண்ணிக்கை. பக்கவாதத்துக்குப் பிறகு மூளை ஓர் அசைவை மீண்டும் கற்றுக்கொள்ள, அதே அசைவு நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். 2009இல் வெளியான ஓர் ஆய்வில் பக்கவாத நோயாளிகளின் 312 பயிற்சி வேளைகளைப் பக்கத்திலிருந்து எண்ணிப் பார்த்தார்கள். ஒரு வேளைக்குப் பயனுள்ள கை அசைவுகள் சராசரியாக 32தான் தேறின. அவ்வளவு குறைவு. எதிரே மிதந்து வரும் பலூனைத் தட்டச் சொன்னால், அதே ஆள் பத்து நிமிடத்தில் அதைப்போல் பல மடங்கு கையை நீட்டிவிடுகிறார். கருவியின் மதிப்பு அதில்தான் இருக்கிறது. அதில் மருந்து எதுவும் இல்லை. செய்ய வைக்கிறது, இன்னும் ஒரு முறை செய்ய வைக்கிறது.

உண்மையிலேயே பலன் உண்டு என்று ஆராய்ந்து பார்த்திருக்கிறார்களா, இல்லை விளம்பரமா?

இரண்டும் இருக்கிறது, பிரித்துப் பார்க்க வேண்டும். என்னை அதிகம் நம்ப வைத்த ஆய்வு 2016இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. ஐந்து நாடுகளில், 60 முதல் 90 வயது வரையிலான, ஏற்கெனவே அடிக்கடி விழுந்துகொண்டிருந்த 302 பேர். எல்லோரும் டிரெட்மில்லில் வாரம் மூன்று நாள், ஆறு வாரம் நடந்தார்கள். பாதிப் பேருக்கு மட்டும் எதிரே ஒரு திரை. அதில் தங்கள் கால்களைப் பார்த்தபடியே தடைகளைத் தாண்டி, வழியைத் தேர்ந்து நடக்க வேண்டும். வெறும் டிரெட்மில் குழுவில், ஒருவர் ஆறு மாதத்தில் விழும் சராசரி எண்ணிக்கை 10.7இலிருந்து 8.3 ஆனது. திரையுடன் நடந்தவர்களிடம் 11.9இலிருந்து 6.0 ஆகப் பாதியாகக் குறைந்தது. நிஜ வாழ்வில் நாம் நடப்பது கால்களால் மட்டும் இல்லை. பார்த்து, யோசித்து, முடிவெடுத்து நடக்கிறோம். திரை பயிற்சி கொடுத்தது அந்த யோசனைக்கு.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அதே 2016இல் பக்கவாத நோயாளிகள் 141 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில், பாதிப் பேர் நிண்டெண்டோ வீயில் விளையாடினார்கள், மற்றவர்கள் சீட்டாட்டம் போன்ற சாதாரண விளையாட்டுகளில் ஈடுபட்டார்கள். இரு குழுவினரின் கையும் தேறியது, ஏறக்குறைய ஒரே அளவுக்கு. பக்கவாதம் பற்றிய காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 2017இல் 72 ஆய்வுகளை, 2,470 பேரை ஒன்றாகப் பார்த்தது. வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாக வி.ஆர். வைத்தால் கையின் செயல்பாட்டில் கூடுதல் லாபம் இல்லை, வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துப் பயிற்சி நேரத்தைக் கூட்டினால் லாபம் உண்டு என்பது அதன் சாரம். வீட்டார் நினைவில் வைக்க வேண்டியது இந்தப் "பதிலாக", "சேர்த்து" இரண்டையும்தான்.

எந்தெந்தப் பிரச்சினைகளுக்குக் கொடுக்கிறீர்கள்?

பக்கவாதத்துக்குப் பிறகான கை, தோள்பட்டை இறுக்கம், மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய பயிற்சி, பார்க்கின்சன் நோயாளிகளின் நடை, விழுந்துவிடுவோமோ என்ற பயத்திலேயே உட்கார்ந்துவிட்டவர்கள். கடைசியாகச் சொன்னவர்களுக்குத்தான் இது மிக விரைவாகக் கைகொடுப்பதைப் பார்க்கிறேன். அவர்களிடம் பயம் முன்னால் போகிறது, தசையின் பலவீனம் அதன் பின்னால் வருகிறது.

போட்டதும் தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்கிறார் அப்பா. விட்டுவிடலாமா?

அன்றைக்கு விட்டுவிடுங்கள், உடனே. "கொஞ்சம் பொறுத்தால் பழகிவிடும்" என்று தொடர வைக்காதீர்கள். ஓடும் பஸ்ஸில் புத்தகம் படித்தால் வயிற்றைப் புரட்டுமே, அதன் மறுபக்கம்தான் இது. பஸ்ஸில் உடல் நகர்கிறது, கண் பார்க்கும் பக்கம் நகர்வதில்லை. இங்கே கண் "நகர்கிறேன்" என்கிறது, உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு "இல்லை, உட்கார்ந்திருக்கிறேன்" என்கிறது.

அதனால் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு விதி வைத்திருக்கிறேன். உள்ளே இருக்கும் உலகம் அசையக் கூடாது, பொருள்கள் மட்டும் அவரை நோக்கி வரலாம். ஒரே இடத்தில் உட்கார்ந்து பழம் பறிப்பது, பந்து பிடிப்பது பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்கிறது. படகில் போவது, பறப்பது, மலைப்பாதையில் வண்டி ஓட்டுவது ஆரம்பத்தில் வேண்டவே வேண்டாம். முதல் நாள் மூன்று நிமிடம் போதும். இப்படிச் செய்தும் இரண்டு மூன்று முறை குமட்டினால் கண்ணாடி அவருக்கு இல்லை, திரை வகைக்கு மாறிவிடுங்கள். கண்ணாடி போடாத நேரத்திலும், படுக்கையில் புரண்டாலே தலை சுற்றுகிறது என்றால், அது வேறு விஷயம். காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டியது.

கண்ணைக் கட்டிக்கொண்டு நின்று விழுந்துவிட்டால் என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். நாம் விழாமல் நிற்பது மூன்று தகவல்களால். கண் பார்ப்பது, உட்செவி உணர்வது, பாதமும் மூட்டுகளும் சொல்வது. வயதாக ஆக உட்செவி மந்தமாகிறது. நீண்டநாள் சர்க்கரை நோய் இருந்தால் பாதத்தின் உணர்வும் மங்குகிறது. பாக்கி இருப்பது கண்தான். அந்தக் கண்ணையும் மூடி, இல்லாத ஓர் இடத்தைக் காட்டினால் எதைப் பிடித்து நிற்பார்? அதனால்தான் நின்று செய்யும் சமநிலைப் பயிற்சிக்குத் திரை வகையைத் தேர்ந்தெடுக்கிறேன். திரையைப் பார்க்கும்போது அறையும் தரையும் சொந்தக் காலும் ஓரக்கண்ணில் இருந்துகொண்டே இருக்கும்.

கண்ணாடி என்றால் உட்கார்ந்துதான். கைப்பிடி உள்ள, சக்கரம் இல்லாத, சுழலாத நாற்காலி. இரண்டு பாதங்களும் தரையில் பதிந்திருக்க வேண்டும். வயர் எதுவும் காலருகே கிடக்கக் கூடாது. உடன் இருப்பவர் எதிரே இல்லாமல், பலவீனமான பக்கம், கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: ஆபத்து அதிகம் கண்ணாடியைக் கழற்றிய பிறகுதான். உள்ளே ஒரு தோட்டத்தில் இருந்தவர், கழற்றியதும் ஆர்வத்தில் சட்டென்று எழுந்துவிடுவார். கழற்றிய பின் இரண்டு நிமிடம் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார வைத்து, சுவரையும் கதவையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு எழலாம்.

யாருக்குக் கூடாது?

வலிப்பு வந்த வரலாறு உள்ளவர்கள், அண்மையில் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் அப்படியே. கண்ணாடியிலும் கைக்கருவியிலும் காந்தமும் ரேடியோ அலையும் இருப்பதால், தயாரிப்பாளர்களின் பாதுகாப்புக் குறிப்பே இதை எச்சரிக்கிறது. கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு எடை ஒரு சிக்கல். பரவலாக விற்கும் கண்ணாடிகள் அரைக் கிலோ அளவுக்கு இருக்கும், பெரும்பகுதி நெற்றிக்கு முன்னால் தொங்கும். ஐந்து நிமிடத்தில் கழுத்து வலித்தால் திரை வகைக்குப் போய்விடுங்கள்.

மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு இதைப் போடலாமா? காது கருவி?

போடலாம். ஆனால் எந்த மூக்குக்கண்ணாடி என்பதில் ஒரு குழப்பம் உண்டு. திரை கண்ணுக்கு மிக அருகே இருப்பதால் படிக்கும் கண்ணாடி வேண்டும் என்று நினைப்பார்கள். உள்ளிருக்கும் லென்ஸ் அந்தப் படத்தை ஒன்று முதல் இரண்டு மீட்டர் தொலைவில் இருப்பதுபோலக் காட்டுகிறது. ஆகவே தூரப் பார்வைக்கான கண்ணாடிதான் பெரும்பாலும் பொருந்தும். இரட்டைப் பார்வைக் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்த்தால் மங்கும். "ஒன்றும் தெரியவில்லை" என்று ஒருவர் சொன்னால் முதலில் இதைச் சரிபாருங்கள். காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியைப் பட்டை தள்ளிவிடும், எனவே பட்டையை மாட்டிய பிறகு கருவியை மீண்டும் தொட்டுச் சரிசெய்யுங்கள். லென்ஸை உலர்ந்த மென்துணியால் மட்டும் துடைக்க வேண்டும். ஜன்னலோரம் வெயிலில் வைத்தால், லென்ஸ் பூதக்கண்ணாடிபோல் வேலை செய்து உள்திரையை எரித்துவிடும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

முதல் நாள் மூன்று நிமிடம், அடுத்து ஐந்து நிமிடம் என்று தொடங்கி, இடையில் ஓய்வுடன் இருபது நிமிடம் வரை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், அதில் மூன்று நாளாவது சமநிலையும் தசை வலுவும் சேர்ந்த பயிற்சியும் சொல்லப்பட்டிருக்கிறது. வி.ஆர். அதில் ஒரு பங்குதான், முழுவதும் அதாலேயே நிரப்ப வேண்டியதில்லை.

அளவு மீறுகிறதா என்பதைப் பேச்சில் பாருங்கள். பயிற்சியின்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் சரி, இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் நிறுத்துங்கள். நாடியை எண்ணிப் பார்ப்பதை மட்டும் நம்ப வேண்டாம். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உடல் களைத்தாலும் நாடி அவ்வளவாக ஏறாது.

கடையில் கிடைக்கும் விளையாட்டையே வாங்கிப் போடலாமா?

இளைஞர்களின் வேகத்துக்குச் செய்யப்பட்டவை அவை. தவறவிட்டால் உரத்த சத்தம், சிவப்பு வெளிச்சம், "தோற்றுவிட்டீர்கள்" என்ற அறிவிப்பு. நடுங்கும் கையோடு முதல் முறை முயல்கிறவருக்கு அது பெரிய அவமானம். வேகத்தையும் பொருள் வரும் உயரத்தையும் குறைக்க முடிகிற, தோல்வியைப் பறைசாற்றாத விளையாட்டு கிடைத்தால் கடையில் வாங்கியதாக இருந்தாலும் போதும். மறுவாழ்வுப் பயிற்சிக்கென்றே செய்யப்பட்ட மென்பொருள்களில் இந்த மாற்றங்கள் எளிது. அதோடு எந்தக் கோணம் வரை கை போனது என்ற பதிவும் இருக்கும்.

மாமியாருக்கு ஸ்கோர் தினமும் ஏறுகிறது. கை மட்டும் அப்படியே இருக்கிறதே, ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். பக்கவாதத்தால் வலது கை பாதிக்கப்பட்ட ஓர் அம்மா என்னிடம் வந்தார். பலூன் தட்டும் பயிற்சியில் இரண்டாம் வாரத்தில் அசத்தினார், வீட்டார் கைதட்டினார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். ஒரு நாள் திரையைப் பார்க்காமல் அவர் பக்கவாட்டில் போய் நின்றேன். பலூன் வரும்போதெல்லாம் முதுகு நாற்காலியை விட்டு எழுந்து முன்னால் சாய்ந்தது, தோள் காதுவரை ஏறியது. முழங்கை மட்டும் மடிந்தபடியே இருந்தது, ஒருமுறைகூட நீளவில்லை. உடம்பு முழுவதும் சேர்ந்து அந்தக் கையைச் சுமந்துபோய்ப் பலூனில் இடித்துக்கொண்டிருந்தது. கேமராவுக்குத் தெரிவது கை பட்டதா இல்லையா என்பது மட்டும்தான்.

ஒரு துண்டை மடித்து அவர் முதுகுக்கும் நாற்காலிக்கும் இடையில் வைத்தேன். துண்டு விழுந்தால் அந்தப் பலூன் கணக்கில் வராது என்று சொன்னேன். ஸ்கோர் கால்பங்காகச் சரிந்தது. அவர் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. பலூன்களை ஒரு சாண் அருகே வரும்படி மாற்றினேன். துண்டு நழுவாமல் முழங்கை கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கத் தொடங்கியது, பிறகு பலூன்களை விரல் விரலாகத் தள்ளி வைத்தேன். உங்கள் மாமியாருக்கும் இதையே செய்து பாருங்கள். திரையைவிட்டு அவரைப் பாருங்கள், முக்கியமாகப் பக்கவாட்டிலிருந்து.

விளையாடும்போது வலியே தெரியவில்லை என்கிறாரே, நல்லதுதானே?

நல்லதும்தான், கவனிக்க வேண்டியதும்தான். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹன்டர் ஹாஃப்மனும் சகாக்களும் தீக்காய நோயாளிகளுக்காக ஒரு பனி உலகத்தை உருவாக்கினார்கள். புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது அவர்கள் உள்ளே பனிப்பந்து எறிந்துகொண்டிருப்பார்கள். கவனம் முழுவதும் அங்கே போவதால் வலி குறைவாகத் தெரிந்தது. வலியின் பயத்தால் மூட்டை அசைக்காதவருக்கு இது பெரிய உதவி.

ஆனால் வலி ஒரு வேலியும்கூட. சில வகை இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு, சில வாரங்களுக்கு இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது என்பார்கள். தரையில் உருளும் ஒரு பொருளை எடுக்கச் சொல்லும் விளையாட்டு, அந்தக் கட்டளையை ஒரு நொடியில் மறக்க வைத்துவிடும். ஆகவே தடைசெய்யப்பட்ட அசைவு எது என்று அறுவை சிகிச்சை நிபுணரிடம் கேட்டு, அந்தத் திசையில் எந்தப் பொருளும் வராதபடி பயிற்சியை அமைக்க வேண்டும். மறுநாள் காலையில் வலி எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். முந்தைய நாள் அளவு சரியா என்பதை அந்தப் பதில் சொல்லிவிடும்.

மறதி நோய் உள்ளவருக்குக் கொடுக்கலாமா?

ஆரம்ப நிலையில், அவர் விரும்பினால், திரை வகையைக் கொடுக்கலாம். கண்ணாடியை மாட்டினால் தான் இருக்கும் இடமே மாறிப்போன திகில் சிலருக்கு வரும், கழற்றத் தெரியாமல் தவிப்பார்கள். தோளில் உங்கள் கை இருக்கட்டும், பேசிக்கொண்டே இருங்கள். வேண்டாம் என்று தலையை அசைத்தால் அதோடு முடிந்தது. வற்புறுத்த நமக்கு உரிமை இல்லை.

முதல் இரண்டு வாரம் ஆசையாகச் செய்தார். இப்போது பெட்டியைத் திறக்கவே விடுவதில்லை. என்ன செய்வது?

புதுமை தேய்ந்துவிட்டது. இது எல்லோருக்கும் நடப்பது, அவருடைய குறை அல்ல. பயிற்சி மிக எளிதாகிவிட்டதா, மிகக் கடினமாகிவிட்டதா என்று முதலில் பாருங்கள். பத்தில் ஏழெட்டைப் பிடித்து இரண்டு மூன்றைத் தவறவிடும் நிலையில்தான் ஆர்வம் தங்கும். அடுத்து, தனியாக விடாதீர்கள். பேத்தியும் ஒரு ஆட்டம் ஆடினால், அல்லது என்ன பார்த்தீர்கள் என்று யாராவது உட்கார்ந்து கேட்டால், அதுவே மறுநாளைக்கான காரணமாகிவிடும்.

அப்படியும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். 2016 ஆய்வில் சீட்டாடியவர்களின் கையும் தேறியது என்று மேலே சொன்னேனே. அவருக்குப் பிடித்த வேறொரு கைவேலை அதே பலனைத் தரலாம்.

இதை வாங்கிவிட்டோம். பிசியோதெரபிஸ்ட் வருவதை நிறுத்திவிடலாமா?

நான் சொன்னால் என் தொழிலுக்காகச் சொல்வதுபோல் இருக்கும், அதனால் ஒரு ஆய்வையே சொல்கிறேன். முழங்கால் மூட்டு மாற்றிய 306 பேரிடம் நடந்து 2020இல் வெளியானது. பாதிப் பேர் வீட்டிலேயே, திரையில் ஒரு மெய்நிகர் பயிற்சியாளரைப் பார்த்துப் பயிற்சி செய்தார்கள். பன்னிரண்டு வாரத்தில் அவர்களின் முன்னேற்றம் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்குக் குறைவாக இல்லை, செலவும் மிச்சமானது. ஆனால் அந்தத் திரைக்குப் பின்னால் ஒரு பிசியோதெரபிஸ்ட் தொலைவிலிருந்தபடியே அவர்களைக் கண்காணித்து, பயிற்சியை மாற்றிக்கொண்டிருந்தார். வருகைகளைக் குறைக்கலாம். பார்க்கிற கண்ணை நிறுத்த முடியாது, துண்டு வைத்த கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே தைரியமாகச் செய்கிறார், வெளியே நான்கு அடி நடக்கப் பயப்படுகிறார். உண்மையில் தேறுகிறாரா இல்லையா, எப்படித் தெரிந்துகொள்வது?

கண்ணாடிக்கு வெளியே அளந்துதான். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கிறது என்று கொள்வார்கள். இன்னொன்று, கைகளை மார்பில் குறுக்காக வைத்து 30 நொடியில் எத்தனை முறை எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுவது. இரண்டையும், பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஸ்கோர் ஏறி இந்த எண்கள் அசையவில்லை என்றால் பயிற்சியை மாற்ற வேண்டும்.

பயத்துக்கு ஒரு வழி உண்டு. உள்ளே செய்த அதே அசைவை, கழற்றிய பத்து நிமிடத்துக்குள் வெளியே ஒருமுறை செய்ய வைப்பது. உள்ளே கைநீட்டிப் பழம் பறித்தாரா, அலமாரியின் இரண்டாம் தட்டிலிருந்து தன் தம்ளரை அவரே எடுக்கட்டும். உள்ளே தடை தாண்டினாரா, அறையின் வாசல்படியை உங்கள் கையைப் பிடித்துத் தாண்டட்டும். முதல் வாரம் உங்கள் கையை இறுகப் பிடிப்பார். அடுத்த வாரம் ஒரு விரலைப் பிடித்திருந்தால், அதையும் அந்த நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்.